யந்திர வியாபாரமும் தரகர் பொறுப்பும்

பங்கு மார்க்கெட்டில் காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் குறுகிய கால வியாபாரத்தை, மனிதனுக்குப் பதிலாக யந்திரமே நடத்தும்படி ஏற்பாடு செய்துகொள்வது இன்று சாதாரண மனிதர்களுக்கும் சாத்தியமாகிவிட்டது. இன்ன விலை வந்தால் வாங்கு, இன்ன விலை வந்தால் விற்றுவிடு என்று விதிகளைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால், அது தரகரிடமுள்ள நமது கணக்கின் வழியாகத் தானே ஆர்டர்களை அனுப்பிவிடுகிறது. அல்காரிதம் வியாபாரம் என்று இதற்குப் பெயர். இதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தத் தரகர் மலிவு, எந்த ஸாப்ட்வேர் வேகம் என்பதைத்தான். விசாரணை நியாயமானதே. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. யந்திரம் தவறினாலும், அதை விற்றவன் சொன்னது பொய்த்தாலும், பணத்தை இழந்தவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?

முதலில் மலிவைப் பற்றிப் பார்ப்போம். 2010-ம் வருஷத்தில் பெங்களூரில் தொடங்கிய ஜெரோதா, வியாபாரத் தொகை எவ்வளவு பெரிதானாலும் ஆர்டர் ஒன்றுக்கு 20 ரூபாய்க்கு மேல் தரகு இல்லை என்ற முறையைப் பிரபலமாக்கிற்று. மற்றத் தரகர்களும் ஏறத்தாழ அதையே பின்பற்றலாயினர். வாடிக்கைக்காரரின் புரோகிராம் தரகரின் கம்ப்யூட்டருடன் பேசுவதற்கான வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். இதற்கு ஜெரோதா மாதம் 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது. 2025-ல் அதை 500 ஆகக் குறைத்தது. ஏஞ்சல் ஒன் போன்றவர்கள் இந்த வாசலை இலவசமாகவே திறந்து வைத்தார்கள். போட்டியினால் வாடிக்கைக்காரருக்கு அனுகூலம் ஏற்பட்டிருப்பதை நாம் மறுக்கவில்லை. அந்த அனுகூலம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு லட்ச ரூபாய்ப் பங்கை வாங்கி அன்றே விற்கிறவர், இரு ஆர்டர்களுக்குமாக 40 ரூபாய் தரகு கொடுக்கிறார். விற்கும்போது சர்க்காருக்குச் சேரும் பரிவர்த்தனை வரி 0.025 சதவிகிதம், அதாவது 25 ரூபாய். வாங்கும்போது ஸ்டாம்பு வரி 3 ரூபாய். எக்ஸ்சேஞ்சுக் கட்டணம் சுமார் 6 ரூபாய்; தரகின் மீதும் கட்டணத்தின் மீதும் ஜி.எஸ்.டி. சுமார் 8 ரூபாய். ஆக மொத்தம் ஏறத்தாழ 82 ரூபாய். சொற்பத் தொகைதானே என்று தோன்றும். ஆனால் யந்திரத்துக்குக் களைப்பு இல்லை. நாள் ஒன்றுக்கு மூன்று முறை வீதம் வருஷத்தில் 240 நாள் அது இப்படி வாங்கி விற்றால், செலவு மட்டும் சுமார் 59,000 ரூபாய் ஆகிறது. போட்ட முதலோ ஒரு லட்சம்! தரகே வேண்டாம் என்று ஒரு தரகர் தாராளமாகச் சொன்னாலும், வரியும் கட்டணமுமாக 25,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். அதாவது, மிகவும் மலிவான தரகரிடம் வியாபாரம் செய்கிறவரும் வருஷத்துக்கு நூற்றுக்கு 25 சம்பாதித்தால்தான் போட்ட முதல் போட்டபடி இருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் எந்த நேரத்திலும் இருக்கும் சிறு வித்தியாசத்தையும், ஆர்டர் போய்ச் சேருவதற்குள் விலை நகர்ந்துவிடுவதால் வரும் நஷ்டத்தையும் இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவேயில்லை.

ஸாப்ட்வேர் விஷயத்துக்கு வருவோம். பைத்தான் பாஷை தெரிந்தவர்கள் தாமே புரோகிராம் எழுதிக்கொள்கிறார்கள். ஆமிப்ரோக்கர் போன்ற கருவிகள் பழைய விலைகளைக் கொண்டு ஒரு முறையைப் பரீட்சை செய்து பார்க்க மிகவும் உதவுகின்றன. டிரேடிங்வியூவில் எழுதப்படும் விதிகள் எச்சரிக்கை அனுப்புமேயன்றி நேராக ஆர்டர் அனுப்பா. அதற்கு நடுவே வேறொரு ஏற்பாடு வேண்டும். மெட்டாடிரேடர் உலகமெங்கும் அந்நியச் செலாவணி வியாபாரத்தில் புழங்குவது. அந்த ஸாப்ட்வேரில் குற்றமில்லை. ஆனால் அதைக் காட்டி இந்தியர்களை அழைக்கும் அயல் நாட்டுக் கம்பெனிகள் பலவற்றுக்கு இங்கே அந்த வியாபாரம் நடத்த அதிகாரம் கிடையாது. ரிசர்வ் பாங்கி 2022 செப்டம்பரில் அத்தகைய 34 பெயர்களை வெளியிட்டு எச்சரித்தது. பின்னர் அந்த ஜாபிதா வளர்ந்தது. அதிலுள்ளவர்களிடம் பணம் கட்டுகிறவர், பணத்தை இழப்பதோடு அந்நியச் செலாவணிச் சட்டப்படி தாமே குற்றவாளியாகவும் நேரலாம்.

இவற்றையெல்லாம்விட மிகுந்த கவனத்துக்குரியது, எழுதத் தெரியாதவர்களுக்கு ஆயத்தமான முறைகளை மாத வாடகைக்கு விடும் வியாபாரமாகும். பழைய விலைகளில் நன்றாக ஓடிய முறை என்று வரைபடம் காட்டுவார்கள். நூறு முறைகளைப் பரீட்சித்து, தோற்ற தொண்ணூற்றைந்தை ஒளித்துவிட்டு, ஐந்தை மட்டும் காட்டினால் எவரும் மேதையாகத் தோன்றலாம்! நாளை விலை எப்படிப் போகும் என்பது அந்த வரைபடத்தில் இல்லை. யந்திரம் பிழையின்றி ஓடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அமெரிக்காவில் நைட் காபிடல் என்ற பெரிய கம்பெனி, 2012 ஆகஸ்ட் 1-ந் தேதியன்று, புதிய ஸாப்ட்வேரை ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்ற மறந்ததால், முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. தேர்ந்த நிபுணர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்த கம்பெனியின் கதி அது. வீட்டில் மின்சாரம் நின்றால் விழித்துக்கொண்டு நிற்கும் நமது குமாஸ்தாவின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

விளைவு என்ன ஆயிற்று என்பதைச் செபி நிறுவனமே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதி வருஷங்களில், முன்பேர வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனி மனிதர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024-25-ல் மட்டும் 91 சதவிகிதம் பேர் நஷ்டமடைய, நிகர நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய் ஆயிற்று. பங்குகளை அன்றன்றே வாங்கி விற்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் 2022-23-ல் இழந்தார்கள். அவர்களில் வருஷத்தில் 500 தடவைக்கு மேல் வியாபாரம் செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்துக்கு எட்டுப் பேர். அடிக்கடி செய்தால் கற்றுக்கொண்டுவிடலாம் என்பவர்களுக்கு இது பதில்.

அந்தப் பணம் யாரிடம் போயிற்று? அதே ஆராய்ச்சியின்படி, 2023-24-ல் முன்பேர வியாபாரத்தில், சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்யும் கம்பெனிகள் சுமார் 33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும், செலவு நீக்குமுன், லாபம் கண்டனர். அந்த லாபத்தில் 96, 97 சதவிகிதம் அல்காரிதம் மூலம் வந்தது. ஆகவே யந்திரத்தால் லாபம் வராது என்பதல்ல நமது வாதம். யாருடைய யந்திரம் என்பதுதான் கேள்வி. எக்ஸ்சேஞ்சின் கட்டடத்துக்குள்ளேயே கம்ப்யூட்டரை வைத்திருப்பவனோடு, மாதம் 500 ரூபாய் வாடகை கொடுப்பவன் வேகத்தில் போட்டியிடுவது, எக்ஸ்பிரஸ் ரயிலோடு ஜட்கா வண்டி ஓடுவது போன்றது.

இந்த நிலையில், 2025 பிப்ரவரி 4-ந் தேதி செபி பிறப்பித்த சுற்றறிக்கை முக்கியமானது. அதை அமுலுக்குக் கொண்டுவரும் கெடு இரண்டொரு முறை தள்ளிப்போடப்பட்டு, எல்லாத் தரகர்களுக்கும் 2026 ஏப்ரல் 1 என்று கடைசியாகக் குறிக்கப்பட்டது. அல்காரிதம் ஆர்டர் ஒவ்வொன்றும் எக்ஸ்சேஞ்சு கொடுக்கும் அடையாள எண்ணைத் தாங்க வேண்டும். முறைகளை விற்பவர்கள் எக்ஸ்சேஞ்சில் பதிவாக வேண்டும். உள்ளே இருக்கும் விதிகளை வெளியிடாமல் விற்பவர்கள், ஆராய்ச்சி ஆலோசகராகச் செபியிடமும் பதிவு பெற வேண்டும். தமக்கென்று தாமே எழுதிக்கொள்பவர்களுக்கு, விநாடிக்குப் பத்து ஆர்டருக்கு மேற்போகாத வரையில், தனிப் பதிவு தேவையில்லை என்ற சலுகை உண்டு. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே.

ஆனால் நமக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றுவது ஒரு சிறு வாசகம். ஏபிஐ வழியே வழங்கப்படும் முறைகளில் தரகர் எஜமானர், முறையை விற்பவர் அவருடைய ஏஜெண்டு என்று சுற்றறிக்கை விதிக்கிறது. புகார்களைத் தீர்க்கும் பொறுப்பும் தரகருடையதே என்கிறது. சட்டம் அறிந்தவர்களுக்கு இதன் கனம் விளங்கும். ஏஜெண்டு தன் வேலையின் போக்கில் செய்த மோசத்தை எஜமானர் செய்ததாகவே பாவிக்க வேண்டும் என்பது 1872-ம் வருஷத்திய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 238-வது பிரிவு. நாங்கள் வெறும் வாசல், வந்துபோகிறவர்களுக்கு நாங்கள் ஜவாப்தாரியல்ல என்று தரகர்கள் சொல்லிவந்த சமாதானம் இனிச் செல்லுவது கடினம். தரகர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாசகர், 20 ரூபாயா 10 ரூபாயா என்று பார்ப்பதோடு, இந்த முறையின் பதிவு எண் என்ன, இதை விற்பவர் உமது ஏஜெண்டு என்று எழுதித் தருவீரா என்றும் கேட்க வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரின் மலிவு நமக்கு வேண்டாம்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. கடந்தகால லாபத்தையும் வருங்கால லாபத்தையும் சொல்லி ஆசை காட்டலாகாது என்று தரகர்களுக்கு 2022 செப்டம்பரிலேயே செபி தடை விதித்தது. விற்கிறவன் பொறுக்கிக் காட்டும் கணக்கு நம்பத் தகாதது என்பதால் அந்தத் தடை சரியே. ஆனால் உண்மைக் கணக்கு எங்கே? முன்பெல்லாம் அதைத் தொகுக்க வழியில்லை என்று சொல்லலாம். இப்போது பதிவான ஒவ்வொரு முறையின் ஆர்டரும் அடையாள எண்ணோடு எக்ஸ்சேஞ்சில் வந்து சேர வேண்டும். எந்த வாடிக்கைக்காரருடைய ஆர்டர் என்பதும் அங்கேயே தெரியும். ஆகவே வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு முறையையும் எத்தனை பேர் உபயோகித்தார்கள், தரகும் வரியும் வாடகையும் போக அவர்களில் எத்தனை பேருக்கு லாபம், எத்தனை பேருக்கு நஷ்டம் என்பதை, ஒருவர் பெயரையும் வெளியிடாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்சேஞ்சுகள் பிரசுரிக்கலாம். வாடகைத் தொகை மட்டும் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அதைத் தரகரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வியாபார ரகசியம் வெளியாகிவிடும் என்று விற்பவர்கள் ஆட்சேபிக்கக்கூடும். முறையின் ரகசியத்தை ஒருவரும் கேட்கவில்லை; அதன் பலனைத்தான் கேட்கிறோம். சுற்றறிக்கை கட்டாயமாக்கிய அடையாள எண்ணை, மார்க்கெட்டைக் கண்காணிக்க மட்டும் பயன்படுத்தாமல், பணம் போடுகிறவனுக்கும் பயன்படும்படி இந்தக் கணக்கை வெளியிடச் செபி எக்ஸ்சேஞ்சுகளுக்கு உத்தரவிட வேண்டும்.