துட்டு எம்புட்டு கெடக்கு?

சாதாரண பட்டன் போனிலிருந்தும் பணம் அனுப்ப, 2022 மகளிர் தினத்தன்று 'யுபிஐ 123பே' வசதியை ரிசர்வ் வங்கி துவக்கியது. எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பலருக்கு எழுத்து வாசிக்கச் சிரமம், பேச்சுதான் கைகொடுக்கும். ஆனால், 2023 செப்டம்பரில் வந்த, பேசியே பணம் அனுப்பும் 'ஹலோ யுபிஐ' முதலில் கற்றுக்கொண்டது இந்தியும் ஆங்கிலமும்தான்!

தமிழ் வந்தாலும், 'இருப்புத் தொகையை அறிய...' என்று ஏட்டுத் தமிழில் படபடவென ஒப்பித்தால் போதுமா? "துட்டு எம்புட்டு கெடக்கு?" என்று தென்காசி ஆச்சி கேட்டால் புரிய வேண்டாமா? நிதானமாகக் கேட்டு, தொகையைத் திருப்பிச் சொல்லி, "சரிதானா?" என்று உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால், ரகசிய எண்ணை அடுத்தவரிடம் சொல்லிக் கெஞ்சுகிற நிலை மாறாது. இதைத் தயாரிப்பவர்கள் ஒருநாள் எங்க ஊர்ச் சந்தைக்கு வந்து, எங்க பேச்சைக் காது கொடுத்துக் கேட்கட்டும்!

- ஓர் இல்லத்தரசி, தென்காசி.