ஓசி அலமாரி



"கிட்ஹப் இருக்கும்போது வீட்டில் எதற்கு சார் சர்வர்?" என்று ஒரு மாணவன் போனில் சிரித்தான். சிரிக்கட்டும். கூகுள் கோடு 2006இல் வந்தது, 2016இல் மூடினார்கள். கிட்ஹப்பையே 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. உங்களை யாராவது கேட்டார்களா? ஓசி அலமாரியின் சாவி என்றைக்கும் அடுத்தவன் இடுப்பில்தான்.

என் முப்பது வருடப் பாடக்குறிப்புகள், ஒவ்வொரு திருத்தத்தோடும், வீட்டு நாஸ் பெட்டியில் டாக்கர் கன்டெய்னரில் ஓடும் கிட்டீயில் இருக்கின்றன. (தேநீர்க் கோப்பைதான் அதன் சின்னம். எனக்குப் பொருத்தம்!)

ஆனால் வீட்டில் வைத்தாலே பத்திரம் என்று மார்தட்டும் மாப்பிள்ளையோடும் எனக்குச் சண்டை உண்டு. கன்டெய்னர் வாடகைப் பாத்திரம். புதிய பதிப்பு வந்தால் பழையதைத் திருப்பிவிடுகிறோம். சோற்றை முன்பே நம் பாத்திரத்தில் வைத்திருக்க வேண்டும். தரவுக் கோப்புறையை வெளியே வட்டோடு இணைக்காமல் விட்டேன். பதிப்பை மாற்றியதும் கிட்டீ காலியாக எழுந்து நின்றது. கிட் நகல் ஒவ்வொன்றிலும் முழு வரலாறும் உண்டு என்பதால் பழைய மடிக்கணினி காப்பாற்றியது. அதில் சேராத எட்டாம் வகுப்பு அறிவியல் குறிப்புகள் போனது போனதுதான்.

"இரண்டு வட்டு இருக்கிறதே மாமா" என்கிறார். ஒரே சமயம் இரண்டிலும் எழுதும் பெட்டி, நான் தவறி அழித்தால் இரண்டிலும்தானே அழிக்கும்?

இப்போது ஞாயிறுதோறும் வெளி வட்டில் நகல் எடுத்துத் தங்கை வீட்டு பீரோவில் வைக்கிறேன். உங்கள் நகல் எங்கே என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.