குராபாத்தும் எங்கள் பேய்களும்

முஸ்லிம் எழுத்தாளன் ஒருவன் தன் கதையில் ஒரு ஜின்னையோ பேயையோ நடமாட விட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி விழும். ஒரு பக்கம் மிம்பர். 'இது குராபாத், அகீதாவுக்கு மாற்றம்' என்று அங்கிருந்து வரும். மறுபக்கம் நமது பழைய முற்போக்கு நாற்காலி. 'மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்கும் பிற்போக்கு எழுத்து' என்று இங்கிருந்து வரும். வேறெந்த விடயத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத இவ்விரு சாராரும், பேயை விரட்டும்போது மட்டும் ஒரே ஸப்பில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இருசாராருக்கும் பேயையும் தெரியாது, இலக்கியத்தையும் தெரியாது என்பதே என் கட்சி.

முதலில் அவர்கள் கையிலெடுக்கும் அந்தச் சொல்லையே பார்ப்போம். குராபாத் என்பது பன்மை, ஒருமை குராபா. அது ஒரு மனிதனின் பெயர். உத்ரா கோத்திரத்தைச் சேர்ந்தவன். அவனை ஜின்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சிலகாலம் தம்மோடு வைத்திருந்து திருப்பி அனுப்பின. அங்கே கண்டதையெல்லாம் அவன் வந்து சொன்னான். சனங்கள் வாய் பிளந்து கேட்டார்கள். அதன் பின்பு நம்பமுடியாத பேச்சு எதையும் 'குராபாவின் பேச்சு' என்று சொல்வது அரபுகளின் வழக்கமாயிற்று. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்கு ஓர் இரவு கதையொன்று சொல்ல, 'இது குராபாவின் பேச்சுப் போலல்லவா இருக்கிறது' என்று மனைவியரில் ஒருவர் கூற, குராபா யாரென்று அவர்கள் விளக்கியதாக இமாம் திர்மிதியின் ஷமாயிலில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் ஸனது பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லார் சொல்லியிருக்கிறார்கள். சரி, இதை வைத்து நான் சட்டம் எடுக்க வரவில்லை. ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்கிறேன். நம்மவர் பேய்க்கதையை அடிக்க எடுத்த தடியே ஒரு பேய்க்கதையிலிருந்து முறித்தெடுத்த தடிதான்.

மௌலவிமாரோடு எனக்கு அகீதாவில் பிணக்கு இல்லை. மரித்தவரின் ரூஹ் பர்ஸகில் இருக்கிறது. அது திரும்பி வந்து புளியமரத்தில் தொங்காது. ஜின்கள் வேறு படைப்பு. அவர்கள் பெயரால் 28 ஆயத்துக்களில் ஒரு சூறாவே இருக்கிறது. ஆனால் கதை என்பது அகீதாப் பாடநூல் அல்ல. கூல் என்றொன்று இல்லை என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. பாலைவனத்தில் வழிப்போக்கரை மருட்டி வழிதப்ப வைக்கும் என்று ஜாஹிலிய்யா அரபுகள் நம்பிய பேய்தான் இந்தக் கூல். இல்லை என்று சொல்லப்பட்டுவிட்டதே என்பதற்காக முஸ்லிம் அறிஞர்கள் கூல் கதைகளை எரித்தார்களா? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸராவின் அல்ஜாஹிஸ் தன் 'கிதாபுல் ஹயவா'னில் அவற்றைச் சேர்த்து வைத்தார். சேர்த்து வைத்ததோடு நில்லாமல், மனிதன் ஏன் இவற்றைக் காண்கிறான் என்றும் ஆராய்ந்தார். தனிமையும் வெறுவெளியும் நீண்டால் சிறியது பெரிதாகத் தோன்றும், இல்லாதது இருப்பதாகக் கேட்கும் என்ற விளக்கத்தைத் தன் ஆசானின் வாயிலாக எடுத்து வைக்கிறார். வானத்தில் மினுங்கி மங்கும் ஒரு நட்சத்திரத்துக்கு முஸ்லிம் வானியலாளர் 'ரஃஸுல் கூல்', கூலின் தலை, என்று பெயர் வைத்தார்கள். இன்றும் உலகம் அதை 'அல்கோல்' என்றே அழைக்கிறது. அதை வானத்திலிருந்து இறக்கும்படி இதுவரை எவரும் பத்வாக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக்கு வந்தாலும் இதே கதைதான். சீறாப்புராணத்தில் ஜின்கள் ஈமான் கொண்ட படலம் பாடும்போது உமறுப்புலவருக்குக் கை நடுங்கவில்லை. நமக்குத்தான் நடுங்குகிறது.

அரபுச் சொற்களின் வேர்களைக் கொஞ்சம் கிளறினால் இன்னும் சுவையானவை வரும். ஜின் என்றால் மறைந்திருப்பது. மரங்கள் மூடி மறைத்த தோட்டம் ஜன்னத். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். புத்தி மறைந்தவன் மஜ்னூன். இவை யாவும் ஒரு வேரின் கிளைகள். ரூஹும் காற்றைக் குறிக்கும் ரீஹும் அப்படியே. தமிழிலும் 'ஆவி' என்றால் உயிர், மூச்சு, கொதிக்கும் பானையிலிருந்து எழும் புகை எல்லாந்தான். 'காத்துக் கறுப்புப் பட்டுட்டு' என்று நம் பெண்கள் சொல்லும்போது அரபும் தமிழும் ஒரே இடத்தில் வந்து நிற்பதை ஒரு மொழியாசிரியன் கவனிக்காமல் இருக்க முடியுமா?

இனித் தமிழின் பேய். இந்தச் சொல்லுக்குச் செத்தவன் திரும்பி வருவது மட்டுந்தான் பொருள் என்று எண்ணுவோர் நம் சனங்களின் பேச்சைக் கேட்டதில்லை. அடங்காமல் கொட்டினால் பேய்மழை. வாயில் வைக்க முடியாமல் கசக்கும் சுரைக்காய் பேய்ச்சுரை. அதுபோலவே பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு. கானல்நீருக்குப் பழந்தமிழில் பேய்த்தேர் என்று பெயர். அரபி கூலைக் கண்ட அதே வெயிலில் தமிழன் ஒரு தேரைக் கண்டிருக்கிறான்! வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பழகாத, மனிதன் சொல்லுக்குக் கட்டுப்படாத எதற்கும் 'பேய்' முன்னால் வந்து நிற்கிறது. இலங்கைத் தமிழிலோ பேயன் என்றால் முட்டாள். பேய்க்கதை என்றால் வீண்பேச்சு. பேய்க்காட்டுதல் என்றால் ஏமாற்றுதல். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தப் 'பேய்க்காட்டு' எளிதில் பிடிபடாது. அது நம் சொத்து. தேர்தல் காலத்தில் அதன் பொருளை எவருக்கும் விளக்கத் தேவையுமில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. சித்திலெவ்வை 1885இல் எழுதிய, நம் நாட்டின் முதல் தமிழ் நாவலான 'அசன்பேயுடைய சரித்திரம்' வகுப்பில் வரும்போதெல்லாம் பின்வாங்கில் ஒரு சிரிப்பொலி எழும். 'பே' என்பது துருக்கியரின் மரியாதைப் பட்டம் என்று விளக்கினால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும். பேய் இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் அல்லவா!

நகைப்பு ஒருபுறம் இருக்கட்டும். பேய் போனால் அதோடு எவ்வளவு மொழி போகிறது என்பதற்கு வயலைக் காட்டுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் சூடடிக்கும் களத்தில் அன்றாடப் பேச்சுச் செல்லாது. நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது. பொலி என்றுதான் சொல்லவேண்டும். மாட்டுக்கும் சாக்குக்கும் சுளகுக்கும்கூட அங்கே வேறு பெயர்கள். ஏன்? வழமையான சொல் காதில் விழுந்தால் பூதம் வந்து விளைச்சலை அள்ளிக்கொண்டு போகும் என்ற அச்சம். தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் இந்தக் களமொழியைப் பேசினார்கள். சிங்கள விவசாயிகளிடமும் களத்துக்கென்று தனிமொழி இருந்தது. மூன்று சமூகமும் ஒரே பூதத்துக்குப் பயந்து மூன்று அகராதிகளை ஆக்கி வைத்திருந்தன என்றால், அதைவிடப் பெரிய நாட்டார் இலக்கியச் செல்வம் வேறென்ன? இப்போது இயந்திரம் வயலில் இறங்கி, வெட்டுவதும் அடிப்பதும் ஒரு பகலில் முடிந்துவிடுகிறது. பூதத்துக்கு வர நேரமில்லை. என் வகுப்பில் வயற்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம் களத்துச் சொற்களைக் கேட்டேன். பொலியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நாட்டார் கவிகளைத் திரட்ட நம்மிடையே எஸ். முத்துமீரான் போன்றோர் இருந்தார்கள். அதற்கு நாம் கடன்பட்டவர்கள். காதற் கவியைத் திரட்டுவதில் காட்டிய ஊக்கத்தில் பாதியையேனும் பேய்ப்பேச்சைத் திரட்டுவதில் சமூகம் காட்டியிருக்கலாம்.

முற்போக்கு நண்பர்களுக்கு வருகிறேன். பேய் என்பது அறியாமை, விஞ்ஞானம் வந்தால் ஓடிவிடும் என்பது அவர்கள் வாதம். 2011 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். மர்ம மனிதன், கிறீஸ் பூதம் என்று நாடு அல்லோலகல்லோலப்பட்டது. கிண்ணியாவில் மக்களுக்கும் கடற்படையினருக்கும் மோதல் மூண்டது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். அவசரகாலச் சட்டத்தை நீக்குவதா இல்லையா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மாத முடிவில் அது நீங்கியது. கையடக்கத் தொலைபேசியும் மின்விளக்கும் இல்லாத காலமா அது? யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் ஆயுதம் தரித்தவரிடம் சனங்களுக்கிருந்த பயத்துக்குப் பெயர் வைக்க இடமிருக்கவில்லை. பெயர் வைக்க முடியாத பயம் பூதத்தின் பெயரை எடுத்துக்கொண்டது. இதை மூடநம்பிக்கை என்று இரண்டு வார்த்தையில் ஒதுக்குகிறவர் எந்த அரசியலைப் படித்தார்?

யுத்தத்தைப் பேயின் வாயால் பேசுவது தமிழுக்குப் புதிதுமல்ல. கலிங்கத்துப்பரணியில் பிணக்களத்தில் கூழ் அடும் பேய்கள்தாம் போரின் கணக்கைச் சொல்கின்றன. ஜெயங்கொண்டார் சோழனைப் புகழவே பாடினார் என்பது உண்மை. அந்தப் பேய்களின் பசி மட்டும் புகழ்ச்சிக்குள் அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதினார். அவரைப் பிற்போக்குவாதி என்று சொல்ல யாருக்கு நா எழும்? மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர், அவரும் முஸ்லிம்தான், 'நீலவெளிச்சம்' எழுதினார். அதைத் தானே திரைக்கதையாக்க, 1964இல் 'பார்கவி நிலையம்' படமாக வந்தது. அமெரிக்காவில் டோனி மொரிஸன் 1987இல் வெளியிட்ட 'பிலவ்ட்' நாவலில், அடிமைத்தளைக்குத் திரும்பக்கூடாதென்று தாய் தன் கையாலேயே கொன்ற குழந்தை திரும்பி வருகிறது. அந்தப் பேயை எடுத்துவிட்டால் அடிமை வாழ்வின் சரித்திரமே அந்நாவலிலிருந்து போய்விடும்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் ஒரு மாணவி. க.பொ.த. உயர்தரம் படித்தவள். ஒரு சிறுகதைப் போட்டிக்குக் கதை எழுதினாள். 1990இல் வயலுக்குப் போன மூத்தாப்பா திரும்பவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. மூத்தம்மா ஒவ்வோர் இரவும் வாசற்படியில் ஒரு செம்புத் தண்ணீர் வைக்கிறாள். காலையில் தண்ணீர் குறைந்திருக்கும். பூனை குடிக்கிறது என்று பேத்திக்குத் தெரியும், சொல்வதில்லை. ஓரிரவு பூனையை அறைக்குள் பூட்டி வைக்கிறாள். காலையில் அன்றும் தண்ணீர் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. நடுவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஒருவர் ஷிர்க்கின் சாயல் என்றாராம், மற்றவர் பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்றாராம். பரிசு போனது பெரிதல்ல. அந்தப் பிள்ளை அதன் பிறகு எழுதவில்லை.

மூத்தாப்பாவின் ரூஹ் வந்தது என்று அவள் எங்கும் எழுதவில்லை. கபுறு இல்லாத ஒருவருக்காக ஒரு வீடு எப்படிக் காத்திருக்கிறது என்றே எழுதினாள். ஜனாஸாத் தொழுகையைக் காயிபாகத் தொழலாம். துக்கத்தைக் காயிபாக முடிக்க முடியுமா? காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அந்த 1990 ஆகஸ்டில் மையித்துக்களை வரிசையாக வைத்து அடக்கினார்கள். காட்டுக்கும் வயலுக்கும் போய் வராதவர்களுக்கு அந்த வரிசையும் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுத இந்தப் பிள்ளைக்கு வேறென்ன வழி இருந்தது என்று அந்த நடுவர்கள் சொல்லட்டும்.

ஓர் ஆட்சேபம் நியாயமானது. அதை மறைக்க மாட்டேன். ஜின் பிடித்தது என்று குமர்ப்பிள்ளைகளை அடிக்கிறார்கள். இசிமும் தாயத்தும் விற்றுக் காசு பார்க்கிறார்கள். வைத்தியரிடம் போகவேண்டிய நோயாளி ஓதிப்பார்ப்பவரின் வாசலில் கிடக்கிறார். இவர்களைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்தாலும் தகும். ஆனால் இந்த வியாபாரத்தை வளர்ப்பது மூத்தம்மாமாரின் கதைகள் அல்ல. அக்கதைகளில் வரும் பேயோட்டி பெரும்பாலும் கோமாளி. வெள்ளைச் சீலை போர்த்திக்கொண்டு வந்த கோழிக்கள்ளனைக் கண்டு சாரனை விட்டுவிட்டு ஓடும் பரிசாரியைப் பற்றி நான் மட்டும் நான்கு விதமாகக் கேட்டிருக்கிறேன். பேய்க்காட்டுகிறவனை இனங்காணப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவை அவையே. கதைகளை நிறுத்தினார்கள்; தாயத்து வியாபாரம் நிற்கவில்லை. இப்போது அது பெயர்ப்பலகை போட்டு, தொலைபேசி இலக்கம் கொடுத்து நடக்கிறது.

எங்கள் ஊரில் இந்தக் கதைகளைச் சொல்லத் தெரிந்த பெண்கள் நான்கு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை, கதை மட்டும் நினைவிருக்கிறது. பள்ளி விடுமுறையில் மாணவர்களை அனுப்பி ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறேன். 'மௌலவி கேட்டா ஏசுவாரு மகன், உட்டுடுங்க' என்று ஒருவர் மறுத்துவிட்டார். மற்றைய ஊர்களிலும் இந்த வேலையைச் செய்யக்கூடிய ஆசிரியர்கள் இவ்விதழை வாசிக்கிறார்கள். அடுத்த மாரிக்கு முன் தொடங்குவது நல்லது.

அந்த மாணவியின் கதையை, அவளது சம்மதத்தோடு, இக்கட்டுரையுடன் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். ஷிர்க் எந்த வரியில் இருக்கிறதென்று அடிக்கோடிட்டுக் காட்ட விரும்புவோருக்கு வசதியாக இருபுறமும் ஓரம் விட்டு எழுதச் சொன்னேன்.