வேலிக்கும் காவல் வேண்டும்

அவுஸ்திரேலிய ஆதிக்குடி மக்கள் நடத்தும் சங்கமொன்றிலே, பிள்ளையொன்றுக்குத் தீங்கு நேர்ந்ததென முறைப்பாடு ஒன்று வருகின்றதென வைத்துக்கொள்வோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் சங்கத் தலைவருக்கு மருமகன் முறையானவர். ஊருக்காகப் பல்லாண்டு உழைத்தவர். முறைப்பாட்டை அரச அதிகாரிகளிடம் கொண்டுசென்றால், "தம் பிள்ளைகளைக் காக்க இவர்களுக்குத் தகுதியில்லை" என்று சொல்லக் காத்திருப்போருக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். கொண்டுசெல்லாது விட்டால், பிள்ளை கைவிடப்படும். தலைவர் யாது செய்தல் வேண்டும்?

அன்றைய தினமே அதனைக் கொண்டுசெல்லல் வேண்டும் என்பதே நமது முடிபு. ஆயினும், அத்தலைவரின் அச்சத்தை எள்ளி நகையாடுவோர் அந்நாட்டின் வரலாற்றை அறியாதவராவர்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1909ஆம் ஆண்டு ஆதிக்குடிகள் "பாதுகாப்புச்" சட்டம் இயற்றப்பட்டது. பெற்றோர் பிள்ளையைக் கவனியாது விட்டனர் என்பதை நீதவான் முன் நிரூபிக்க வேண்டிய கடப்பாட்டினை 1915ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அதன் பின், சபையின் விருப்பமே சட்டமாயிற்று. கின்செலா இல்லத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவர்கள் பெயரால் அன்றி இலக்கத்தால் அழைக்கப்பட்டனர். 1910 முதல் 1970 வரை, ஆதிக்குடிப் பிள்ளைகளுள் பத்தில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட தொகையினர் பலவந்தமாகப் பிரிக்கப்பட்டனர் என 1997ஆம் ஆண்டின் தேசிய விசாரணை அறிக்கை கூறியது. இத்தனையும் நடந்தது "பாதுகாப்பு" என்ற பெயரால் அன்றோ!

அக்கொடுமைக்கு விடையாகவே ஆதிக்குடிகளின் சொந்தச் சங்கங்கள் தோன்றின. மார்கரெட் ரக்கர் அம்மையார் 1917இல் தாயிடமிருந்து பறிக்கப்பட்டுக் கூட்டமண்ட்ரா இல்லத்தில் அடைக்கப்பட்டவர். அவருடைய மகள் மொலி டயர் அம்மையாரே, 1970களின் பிற்பகுதியில், விக்டோரியாவில் ஆதிக்குடிக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை நிறுவுவதில் முன்னின்றார். எம் பிள்ளை எம்மவரிடையே வளர வேண்டும் என்பதே அவர்தம் கோரிக்கை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ், நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளைக்குட்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகள் சிலர் பற்றிய அரசின் அதிகாரமே 2017இல் அந்நிலையத்தின் கைக்கு வந்தது. தாய் இழந்த உரிமையின் ஒரு பகுதியை மகள் தொடங்கிய நிலையம் மீட்டெடுக்க ஒரு நூற்றாண்டு சென்றது.

அச்சத்துக்கு அண்மைக் காலக் காரணமும் உண்டு. 2007இல், வட பிராந்தியத்தில் சிறுவர் மீதான பாலியற் கொடுமை பற்றி ரெக்ஸ் வைல்ட், பற் அன்டர்சன் ஆகிய இருவரும் விசாரித்து 97 சிபார்சுகளைச் செய்தனர். ஆதிக்குடி மக்களோடு மெய்யாகக் கலந்தாலோசித்தே நடவடிக்கைகள் வகுக்கப்படல் வேண்டும் என முதற் சிபார்சே வற்புறுத்தியது. அறிக்கை வெளிவந்து ஒரு வாரங்கூட ஆகுமுன், கலந்தாலோசனை யாதுமின்றி அவசர நடவடிக்கையை மத்திய அரசு அறிவித்தது. இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர், உதவிப் பணத்தின் பாதி அரசின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது, ஊர்களின் நிலம் ஐந்தாண்டுக் குத்தகையாகக் கட்டாயமாக எடுக்கப்பட்டது. இவற்றுக்கு இடையூறாகாதவாறு 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டமும் ஒதுக்கி வைக்கப்பட்டது. சில குற்றவாளிகளைத் தேட வேண்டிய இடத்தில் ஒரு மக்களினமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

இவ்வரலாற்றைக் கண்டவர் வாய் திறக்க அஞ்சுவர். ஆனால், அவ்வச்சத்தால் இலாபமடைபவன் யார்? சங்கமா? இனமா? அல்லவே அல்ல. தீங்கிழைத்தவன் ஒருவனே இலாபமடைகின்றான். இனத்தின் மானம் அவனுக்குப் போர்வையாகின்றது.

மௌனத்தின் விலையை ஆதிக்குடிகளை விட நன்கறிந்தோர் இலர். டாவின் நகரில் 1946 முதல் 1980 வரை மிஷனரிமார் நடத்திய ரெட்டா டிக்சன் இல்லத்தைப் பற்றி, நிறுவனங்களில் நிகழ்ந்த சிறுவர் பாலியற் கொடுமைகளை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 2014இல் விசாரித்தது. அங்கு வளர்ந்தோர், சிறுவயதில் தமக்கிழைக்கப்பட்ட கொடுமைகளை நரைத்த தலையோடு வந்து சாட்சியமாகக் கூறினர். நிறுவனத்தின் நற்பெயர் காக்கப்பட்டது, பிள்ளைகள் காக்கப்படவில்லை. அந்நியன் கட்டிய இல்லத்தில் பாவமாயிருந்த மௌனம் நம்மவர் கட்டிய சங்கத்தில் புண்ணியமாகிவிடுமா? வேலியே பயிரை மேய்ந்தால், அவ்வேலியை யார் நட்டார் என்பது பயிருக்கு ஆறுதலாகாது.

தன் வழக்கில் தானே நீதிபதியாக இருத்தல் எவர்க்கும் தகாது என்பது நீதியின் பழைய விதி. உறவுமுறையால் பின்னிக்கிடக்கும் சிற்றூரிலே சங்கம் நடத்திப் பார்த்த எவரும் இவ்விதியின் அருமையை உணர்வர். ஆங்கு நிர்வாகசபையில் இருப்போர் யாவரும் ஒருவருக்கொருவர் மாமனும் மச்சானுமாவர். விக்டோரியாவில் 2014 முதல், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைமீது வயது வந்த ஒருவர் பாலியற் குற்றம் புரிந்தார் எனத் தகுந்த காரணத்தோடு நம்பும் வயது வந்தோர், நியாயமான விலக்கு இருந்தாலன்றி, பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டும். 2017இல் வந்த சட்டப்படி, தம் ஊழியர்மீது இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தால், அச்சட்டத்துக்குட்பட்ட நிறுவனத்தின் தலைவர் மூன்று வேலை நாட்களுக்குள் கண்காணிப்பு அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தல் வேண்டும். இதனைச் சுமை என்பாரும் உளர். நாம் இதனைத் துணை என்போம். "மாமா, இதை நமக்குள் முடித்துவிடுவோம்" என்று உறவினர் வந்து கெஞ்சும்போது, "முடிப்பதற்கு எனக்கு அதிகாரமில்லை, சட்டம் அதனை என் கையிலிருந்து எடுத்துவிட்டது" என்று கூறும் வலிமையைத் தலைவருக்கு அதுவே அளிக்கின்றது.

முறைப்பாடு வந்த பின் செய்வதிலும் மேலானது, வருமுன் காத்தல். வேலைக்கு வருபவரின் முன்னைய நடத்தையை விசாரித்தல், பிள்ளையோடு ஒருவர் தனித்திருக்கும் சந்தர்ப்பங்களைக் குறைத்தல், வாகனத்தில் யார் யாரை ஏற்றிச் சென்றார் எனப் பதிதல், தீங்கு நேர்ந்தால் யாரிடம் சொல்லலாம் எனப் பிள்ளைக்கே கற்பித்தல், அங்ஙனம் சொல்லத்தக்கவருள் ஒருவரேனும் உறவினர் அல்லாதவராயிருத்தல் - இவை பெருஞ் செலவு கேட்பன அல்ல. 2019இல் மத்திய, மாநில அரசுகள் ஏற்றுக்கொண்ட பத்துத் தேசியக் கோட்பாடுகளின் சாரமும் ஏறக்குறைய இதுவே.

இவையெல்லாம் வெள்ளையர் எழுதிய காகிதம் என்று தள்ளுவோர் ஒன்றை நோக்குக. 2022 யூலை முதல் விக்டோரியாவில் நடைமுறையிலுள்ள பதினொரு நியமங்களுள் முதலாவது, ஆதிக்குடிப் பிள்ளை தன் இன அடையாளத்தோடு அச்சமின்றி இருக்கத்தக்க சூழலை நிறுவனம் உண்டாக்க வேண்டும் என்பதாகும். தன் குலத்தையும் மொழியையும் குறித்து நாணக் கற்பிக்கப்பட்ட பிள்ளை, தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லவும் நாணும். ஆகவே, பண்பாட்டைக் காத்தலும் பிள்ளையைக் காத்தலும் ஒரே வேலையின் இரு கூறுகளாம்.

கடமை சங்கத்துக்கு மட்டும் உரியதன்று. முறைப்பாடு வந்ததும் குற்றவாளியை நாடாது, பிள்ளைகளைக் கூட்டமாக அள்ளிச்செல்ல அரசு முனையுமாயின், மறுமுறை எவரும் வாய் திறவார். அந்நாட்டுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஆறளவினரே ஆதிக்குடிகள். வீட்டுக்குப் புறம்பான பராமரிப்பில் உள்ளோருளோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அவர்களே. இந்த மிகுதியை 2031க்குள் நூற்றுக்கு 45 வீதம் குறைப்பதாக அரசுகள் 2020இல் வாக்களித்தன. அவ்வாக்கு நிறைவேற வேண்டுமாயின், சங்கங்களுக்குப் பணமும் பயிற்சியும் அதிகாரமும் சேர்ந்தே செல்லல் வேண்டும். இளமையில் புரிந்த சிறு குற்றமொன்றுக்காகப் பேரப்பிள்ளையை வளர்க்கும் தகுதியைப் பாட்டி இழக்காதவாறு, பிள்ளைகளுக்கு ஆபத்தாகும் குற்றங்களையும் ஏனையவற்றையும் அதிகாரிகள் பகுத்துணரவும் வேண்டும்.

தன்னாட்சி கேட்கும் மக்கள், தம்மைத் தாமே விசாரிக்கும் துணிவையும் உடன் கேட்டுப் பெறல் வேண்டும். ஆதிக்குடிச் சங்கங்கள் பிறந்தது பிள்ளைகளுக்காக. சங்கத்தின் மானத்துக்காகப் பிள்ளை ஒன்றையேனும் பலி கொடுக்கும் நாளில் அவற்றின் உரிமைக் கோரிக்கை உயிரிழந்துவிடும். முறைப்பாட்டை முதலில் எழுதி, முதலில் அனுப்பி, முதலில் பிள்ளையின் பக்கம் நிற்கும் சங்கத்தின் கையிலிருந்து பிள்ளைகளைப் பறிக்க எந்த அரசும் நியாயம் கூற இயலாது.