போரிங்கா, போர்டா?

ஆங்கில இலக்கணத்துக்குப் பேர் வச்ச புண்ணியவான்கள் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. 'இங்' போட்டா ப்ரசன்ட் பார்ட்டிசிபிள், 'எட்' போட்டா பாஸ்ட் பார்ட்டிசிபிள்னு சொல்லி வச்சாங்க பாருங்க, அங்க ஆரம்பிச்சது வினை.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் மீட்டிங்கில் "ஐ யாம் கன்ஃப்யூசிங்" என்று சொல்லிவிட்டான். கொல்லென்று சிரிப்பு. அதுக்கப்புறம் பையன் வாயே திறக்கிறதில்லை. கேட்க வேண்டிய டவுட்டைக்கூட கேட்காம உட்கார்ந்திருக்கான்.

சிரிச்ச மகராசன்கள் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். குழப்பம் இப்ப நடக்குது, அதனால 'இங்'. அப்படித்தானே சொல்லிக்கொடுத்தோம்? தமிழிலும் பெயரெச்சம் காலத்தைத்தான் காட்டும்: படித்த, படிக்கிற. செய்தவன் யார், செய்யப்பட்டது எது என்பதை அதன் உருவம் காட்டாது. புத்தகம் படித்த பையன், பையன் படித்த புத்தகம், ரெண்டுக்கும் அதே 'படித்த'தான். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறுக்கும் பொருந்தும்னு நன்னூலே சொல்லுது.

ஆங்கிலத்தில் கேள்வியே வேற. கன்ஃப்யூசிங் என்றால் குழப்புவது, கன்ஃப்யூஸ்டு என்றால் குழம்பியிருப்பது. நேத்து குழப்பின கேள்வியும் கன்ஃப்யூசிங்தான். நாளைக்குக் குழம்பப்போறவனும் கன்ஃப்யூஸ்டுதான். இதுல காலம் எங்கேர்ந்து வந்தது?

நம்ம பொழப்புலேயே உதாரணம் இருக்கு சாமி. காலிங் ஃபங்ஷன் கூப்பிடுவது, கால்டு ஃபங்ஷன் கூப்பிடப்படுவது. சாதாரண ஃபங்ஷன் காலில் ஓடிக்கிட்டு இருக்கிறது கால்டு ஃபங்ஷன்தான். காலிங் ஃபங்ஷன் அது திரும்பி வர்ற வரைக்கும் தேமேன்னு காத்துக்கிட்டு நிக்குது. 'எட்'னா முடிஞ்சுபோனதுன்னு நம்பினா டீபக்கே பண்ண முடியாது.

"அப்ப ஃபாலிங் லீவ்ஸ், ஃபாலன் லீவ்ஸ்?" என்று யாராச்சும் கிளம்புவீங்க. நியாயம்தான். 'விழு' மாதிரி செயப்படுபொருள் இல்லாத வினைகளில், நடக்குதா முடிஞ்சுதாங்கிற வித்தியாசம் உண்டு. ஆனா போர், கன்ஃப்யூஸ், இன்ட்ரஸ்ட், டயர் இதெல்லாம் அந்த ரகம் இல்லை. நம்மாளுங்க தடுக்கி விழுறது இங்கதான்.

வாத்தியார்களே, ட்ரெய்னர்களே, காலத்தை விடுங்க. 'உண்டாக்குறவனா, அனுபவிக்கிறவனா?'ன்னு கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க, போதும். சீனியர்களே, திருத்தணும்னா தனியா கூப்பிட்டு ரெண்டு நிமிஷத்துல திருத்துங்க. 'இங்', 'எட்' மாறினா ஒண்ணும் குடிமுழுகிப் போகாது. கேட்காம விட்ட டவுட்டு ப்ரொடக்ஷன்ல வந்து நிக்கும்.