போடி ஸ்டேசனுக்கு எத்தனை ஜன்னல்?

இன்னைக்கு எழுதப்போறது ரயில் பத்தி. 'மறுபடியுமா?'ன்னு ஓடிடாதீங்க. உங்க எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிற கேமராவைப் பத்தியும் ரெண்டு வார்த்தை இருக்கு.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். பழைய ரயில் நிலையம், பழைய கட்டடம்னு நாம எடுக்கிற படங்களில் முக்கால்வாசி, பார்க்க அழகா இருக்கும். வேற எதுக்கும் உதவாது. நாளைக்கு அந்தக் கட்டடம் இல்லாமப் போனா, அந்தப் படத்தை வெச்சு அதோட ஒரு ஜன்னலைக்கூடத் திரும்பச் செய்ய முடியாது. படம்னு எடுத்தா, அதைப் பார்த்து இன்னொருத்தன் அந்தக் கட்டடத்தைக் கட்டுற மாதிரி எடுக்கணும். இதுதான் என் கட்சி.

இதை நான் எங்கே கத்துக்கிட்டேன்னா, பொம்மை ரயிலில். பகல் முழுக்கப் பொட்டி தட்டிட்டு, ராத்திரி அட்டையும் பெவிகாலும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஆள் நான். நாலடிக்கு ரெண்டடி பிளைவுட். வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளி வெச்சுக்கலாம். அதில் எங்க ஊர் போடிநாயக்கனூரைக் கொண்டு வரணும்னு ஆசை. 1:87ங்கிறதுதான் உலகத்தில் அதிகம் புழங்குற அளவு. அந்த அளவில் ஏழடிக் கதவு இரண்டரை செ.மீ.கூட வராது. மதுரையிலிருந்து போடி வரை 90 கி.மீ. அதை அப்படியே 1:87ல் போட்டா, ஒரு கிலோமீட்டருக்கும் மேல இடம் வேணும். கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் கஷ்டம் :-)

அதனால எதை எடுக்கிறது, எதை விடறதுங்கிறதுதான் இந்த விளையாட்டே. என்ஜினை மட்டும் ஓடவிட்டா அது எந்த ஊர் ரயிலாவும் இருக்கலாம். 'அட, இது நம்ம ஊருல்ல!'ன்னு சொல்ல வைக்கிறது கட்டடங்கள்தான். ஓட்டுக் கூரை, டிக்கெட் கொடுக்கிற ஓட்டை, சிவப்பு மணல் வாளி, தண்ணித் தொட்டி, பின்னாடி எட்டிப் பார்க்கிற மலை. கடையில் வாங்கலாமேன்னு கேட்பீங்க. ஜெர்மனியில் கறுப்புக் காட்டுப் பக்கம் ஃபாலர்னு ஒரு கம்பெனி 1946லிருந்து மாடல் வீடுகள் செய்யுது. அருமையான வேலைப்பாடு. ஆனா பனி பெய்யுற ஊருக்கான செங்குத்துக் கூரை. அதைக் கொண்டுவந்து குரங்கணி மலையடிவாரத்தில் வெச்சா எப்படி இருக்கும்? போடிக்கு ரெடிமேட் கிட் கிடையாது. படம்தான் கிட்.

சரி, படத்துக்கு எங்கே போறது?

எங்க பாதையின் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். 1928ல் மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை வந்தது. மலையிலிருந்து இறங்குற ஏலக்காய், காப்பி, தேயிலைதான் முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே கழற்றிட்டுப் போயிட்டாங்க. 1950களில் திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியோட அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜ் வண்டி நின்னுச்சு. அப்ப நான் பள்ளிக்கூடப் பையன். 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாசம் போடி வரைக்கும் திரும்ப ரயில் வந்தது. பன்னிரண்டு வருசத்துக்கு மேல ரயில் இல்லாம இருந்த ஊர் எங்களது.

எங்க ஊர்ப் பழைய ஸ்டேசனைச் செய்யலாம்னு சொந்தக்காரங்க வீட்டு ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். ஸ்டேசனில் எடுத்த படம் நிறையவே கிடைச்சுது. ஆனா எல்லாத்திலும் ஆள்தான். மாலையோட மாப்பிள்ளை, மஞ்சப் பையோட அத்தை, அழுகுற குழந்தை. மூஞ்சிக்குப் பின்னாடி கால்வாசி ஜன்னல், அரை போர்டு. மொத்தம் எத்தனை ஜன்னல்னு ஒரு படத்திலிருந்தும் எண்ண முடியலை. பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு, "ஏப்பா, ஸ்டேசனப் படம் எடுக்கவா ரீல் வாங்குனோம்? முப்பத்தாறு படம். கல்யாணத்துக்கே பத்தலை"ன்னார். நியாயம்தானே? ரீல் காலத்து ஆளுங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனா செல்போன் வந்தப்புறம் எடுத்த படங்களும் அதே லட்சணம்தான். முப்பத்தாறுங்கிற கணக்கு போயிடுச்சு. எடுக்கிற விதம் மட்டும் மாறலை.

இதைவிடப் பழைய கதை ஒண்ணு இருக்கு. எங்க ஊருக்கு மேலே, மூணாறில், 1902ல் ஒரு மோனோரயில் ஓடுச்சு தெரியுமா? ஒத்தைத் தண்டவாளம். ஒரு பக்கம் ரயில் சக்கரம், இன்னொரு பக்கம் ரோட்டில் உருளுற சக்கரம். இழுத்தது மாடு! 1908ல் அதை மாத்தி ரெண்டடி அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டாங்க. குண்டளை பள்ளத்தாக்கு ரயில்னு பேர். மூணாறிலிருந்து டாப் ஸ்டேசன் வரைக்கும் தேயிலைப் பெட்டி வரும். அங்கிருந்து ரோப்வே வழியா கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்புறம் தூத்துக்குடி, அப்புறம் கப்பல். இன்னைக்கு 'டாப் ஸ்டேசன்'ல போய் செல்ஃபி எடுக்கிற நம்ம ஆளுங்களில் பாதிப் பேருக்கு அந்த ஸ்டேசன் எதுன்னே தெரியாது. பஸ் ஸ்டாண்டுன்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க.

1924 வெள்ளத்தில் மலை ரயில் மொத்தமும் போச்சு. திரும்பக் கட்டவே இல்லை. நாலு வருசம் கழிச்சு, 1928ல் கீழே போடிக்கு ரயில் வந்தது. ரெண்டு ரயிலும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கவே இல்லை. என்னோட பிளைவுட்டில் ரெண்டையும் சந்திக்க வைக்கணும்னு ஆசை. மேலே குட்டி ரயில், நடுவில் ரோப்வே, கீழே மீட்டர்கேஜ். ஆனா மலை ரயிலுக்குன்னு தேடினா திரும்பத் திரும்ப அதே நாலஞ்சு பழைய படம்தான் கண்ணில் படுது. வெள்ளத்தில் முதல் தடவை போச்சு. படமும் இல்லைன்னா அது இரண்டாவது தடவை போற மாதிரி.

அமெரிக்காக்காரன் இதில் கில்லாடி. 1933ல், வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தப்ப, வேலை இல்லாத கட்டடக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, நாட்டில் இருக்கிற பழைய கட்டடங்களை எல்லாம் அளந்து, வரைந்து, படம் எடுக்கச் சொன்னாங்க. 1969ல் பாலம், தொழிற்சாலை, ரயில் சமாசாரங்களுக்கும் அதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. எல்லாம் அவங்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கு. யார் வேணும்னாலும் பார்க்கலாம்.

அதே ஊரில் ஜான் ஆலன்னு ஒருத்தர். தொழில் போட்டோகிராபி, பைத்தியம் பொம்மை ரயில். கட்டடம்னா புதுசா பளபளன்னு இருக்கக்கூடாது, துரு, கறை, ஒட்டடை எல்லாம் இருக்கணும்னு உலகத்துக்குச் செஞ்சு காட்டியவர்களில் முக்கியமானவர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாளில் அவரோட ரயில் உலகம் பெரும்பாலும் தீயில் எரிஞ்சு போச்சு. இன்னைக்கும் உலகம் பூரா அதைப் பார்த்து ஆளுங்க கத்துக்கறாங்கன்னா, அவர் எடுத்து வெச்ச படங்கள்தான் காரணம்.

இப்ப நீங்க கேட்கப்போற கேள்வி எனக்குத் தெரியும். 'கட்டடத்தைக் காப்பாத்துன்னு போராடறதை விட்டுட்டு, படம் எடு, பொம்மை செய்ங்கறியே, இது தோத்தவன் பேச்சு இல்லையா?' நண்பர் ஒருத்தர் நேரிலேயே கேட்டார்.

இல்லைங்க. அகலப்பாதை வேணும்னு எங்க ஊர் ஜனம் எத்தனை வருசம் காத்துக் கிடந்ததுன்னு எனக்குத் தெரியும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு பஸ்ஸைவிட ரயிலில் காசு கம்மி. போடியிலிருந்து சென்னைக்கே இப்ப ரயில் இருக்கு. 'எனக்குப் பழைய பிளாட்பாரம் பிடிக்கும், அதனால புது ரயில் வேணாம்'னு சொல்ற உரிமை, வெளியூரில் பொட்டி தட்டுற எனக்கு இல்லை. பெரிய வண்டி வந்தா பிளாட்பாரம் உயரத்தான் வேணும். சில கட்டடம் போகத்தான் செய்யும். ஆனா போறதுக்கு முன்னாடி அதை அளந்து ஒரு படம் எடுத்து வைக்க எந்த ரயிலையும் நிறுத்த வேண்டியதில்லை. அரை மணி நேர வேலை.

ஒரு வேடிக்கை பாருங்க. ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தா பதினொன்றரை மி.மீ. சுவிட்சர்லாந்து மலை ரயில்கள் மீட்டர்கேஜ்ங்கிறதால 12 மி.மீ. தண்டவாளம் கடையிலேயே கிடைக்குது. நம்ம அகலப்பாதைக்கு 19 மி.மீ.க்கு மேல வேணும். சாதாரணமா கிடைக்கிறது பதினாறரைதான். ஊரை விட்டுப் போன பழைய பாதைக்குத் தண்டவாளம் ரெடி. கட்டடத்துக்கு அளவுதான் இல்லை.

அதனால உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது கீழே உள்ளபடி எடுங்க:

1. சுவருக்கு நேரா நில்லுங்க. கிட்ட நின்னு அண்ணாந்து எடுத்தா சுவர் கோணிக்கும். தள்ளி நின்னு கொஞ்சம் ஜூம் பண்ணுங்க. நாலு பக்கமும் வேணும். பின்பக்கத்தை யாருமே எடுக்கிறதில்லை.

2. அளவுக்கு ஏதாவது படத்தில் இருக்கணும். ஒரு மீட்டர் குச்சியில் 10 செ.மீ.க்கு ஒரு தடவை கறுப்பு வெள்ளை அடிச்சு சுவரில் சாத்தி வைக்கலாம். குச்சி இல்லைன்னா தங்கமணியோ ரங்கமணியோ சுவரை ஒட்டி நிக்கட்டும். உயரம் தெரிஞ்சா போதும். குடும்பப் படமும் ஆச்சு, அளவும் ஆச்சு.

3. மப்பான நேரம் உத்தமம். சூரிய அஸ்தமனம் கவிதைக்கு நல்லது. நிழல் விழுந்தா கூரைக்கு அடியில் என்ன இருக்குன்னு தெரியாது.

4. அசிங்கத்தையும் எடுங்க. வெத்திலைக் கறை, ஒழுகுற குழாய், உடைஞ்ச ஓடு, பாதி கிழிஞ்ச போஸ்டர். ஓட்டு வரிசையை எண்ண முடிஞ்சா கூரை அளவு தானா வந்துடும்.

5. தேதி, ஊர், எந்தத் திசைச் சுவர்னு எழுதி வைங்க. பத்து வருசம் கழிச்சு உங்களுக்கே ஞாபகம் இருக்காது.

ஸ்டேசன் மட்டும்னு இல்லை. போடிமெட்டுக்கு வர்றவங்க பதினேழு கொண்டை ஊசி வளைவையும் வீடியோ எடுக்கறீங்க. மேலே வந்ததும் பள்ளத்தாக்கை எடுக்கறீங்க. கொஞ்சம் திரும்பி ஏலக்காய் ஸ்டோரையும் பாருங்க. பழைய மாதிரி ஸ்டோர்னா, வெளியே விறகு அடுப்பு, அதிலிருந்து இரும்புக் குழாய் அறைக்குள்ளே ஓடும், அந்தச் சூட்டில் தட்டுத் தட்டா பச்சைக் காய் காயும். தகரக் கூரை, புகைபோக்கி, காய் எடுக்க வந்தவங்களை இறக்கி விட்டுட்டு நிக்கிற ஜீப். இந்தக் காய்க்காகத்தான் கீழே ரயிலே வந்தது. புது டிரையர் வந்ததும் பழைய ஸ்டோர்கள் ஒவ்வொண்ணா மாறிட்டு வருது. பள்ளத்தாக்கு எங்கேயும் போகாது. முதல்ல ஸ்டோரை எடுங்க.

நீங்க மாடல் செய்யணும்னு அவசியமில்லை. எடுத்து உங்க பக்கத்தில் போட்டு வைங்க. என்னை மாதிரி ஒரு கிறுக்கன் எங்கேயாவது அட்டையும் கத்திரியுமா உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அது போதும்.

எங்க ஊர்ப் பழைய ஸ்டேசன் ஜன்னல் கணக்கு எனக்கு இன்னும் கிடைக்கலை. உங்க ஊர் ஸ்டேசனுக்கு எத்தனைன்னு உங்களுக்குத் தெரியுமா? போய் எண்ணிட்டு வந்து சொல்லுங்க.

டிஸ்கி: தண்டவாளத்தில் இறங்கி நின்னு எடுக்காதீங்க. உயிர் முதல் காரணம். 1989 ரயில்வே சட்டம் 147வது பிரிவு அடுத்த காரணம். ஸ்டேசனுக்குள்ளே எடுக்கிறதுன்னா ஸ்டேசன் மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. ஒரு ஊரில் என்னை ஒரு காக்கிச்சட்டை ஒரு மணி நேரம் உட்கார வெச்சிருந்தார். 'பொம்மை செய்யப் போறேன் சார்'னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் சந்தேகம் அதிகமாச்சு :-)