சோம்பேறி என்று சொல்லாதீர்கள்!

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பாத்திரம் துலக்குவதற்குள் கை சோர்ந்துவிடுகிறது. சாப்பாடு கொஞ்சம்தான். ஆனால், உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது.

வீட்டில் ஒரு பெண் இப்படி இருந்தால், அவளுக்கு உடனே ஒரு பட்டம் கிடைத்துவிடும். "சோம்பேறி!"

மாமியார் சொல்வார். கணவர் சொல்வார். சில வீடுகளில் பெற்ற தாயே சொல்வாள். நாளடைவில் அந்தப் பெண்ணே, "ஆமாம், நான் சோம்பேறிதான்" என்று நம்பத் தொடங்கிவிடுவாள்.

அவள் சோம்பேறி அல்ல, நோயாளி என்றால்?

அந்தச் சந்தேகம் பல வீடுகளில் வருவதே இல்லை. வரவேண்டும். ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் முன், அவளை டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும். அதுதான் நியாயம்.

கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய உறுப்பு இருக்கிறது. இறக்கை விரித்த பட்டாம்பூச்சி போல இருக்கும். எடை சுமார் 20 கிராம். அதன் பெயர் தைராய்டு சுரப்பி.

நாம் சாப்பிடும் உணவிலும் உப்பிலும் உள்ள அயோடின் சத்தைக் கொண்டு, அது 'தைராக்ஸின்' என்ற ஹார்மோனைச் செய்து ரத்தத்தில் கலக்கிறது.

நம் உடம்பை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தைராக்ஸின்தான் ஊதுகுழல். அது குறைந்தால் அடுப்பு மங்கிவிடும். இதயம் மெதுவாகத் துடிக்கும். குடல் மெதுவாக வேலை செய்யும். மூளையும் மந்தமாகும்.

ஏன் குறைகிறது? அயோடின் போதாமல் குறையலாம். அயோடின் உப்பு கிடைக்கும் ஊர்களில் வேறு காரணமே அதிகம். நோய்க் கிருமிகளோடு போராடவேண்டிய உடம்பின் காவல் சக்தி, தவறிப்போய்த் தன் சொந்தச் சுரப்பியையே தாக்குகிறது. இந்த நோயை 1912-ம் வருடத்தில் எழுதி வைத்தவர் ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர். அவர் பெயரிலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது.

அடையாளங்கள் என்ன?

தூங்கி எழுந்த பிறகும் தீராத களைப்பு. மற்றவர்களுக்குக் குளிராதபோதும் குளிர்வது. மலச்சிக்கல். தோல் வறண்டு போவது. தலைமுடி கொட்டுவது. முகம் ஊதுவது. குரல் கரகரப்பது. மாதவிலக்கு அதிகமாவது அல்லது முறை தவறுவது. மறதி. காரணம் இல்லாத மனச்சோர்வு.

இவை எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக வரும். அதனால்தான், "அவள் சுபாவமே அப்படி" என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள்.

ஆண்களுக்கும் இது வரும். ஆனால் பெண்களுக்கே பல மடங்கு அதிகம்.

சென்னை உள்பட இந்தியாவின் 8 பெரிய நகரங்களில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2013-ம் வருடம் வெளிவந்தது. சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு, சோதிக்கும்வரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது!

870 ஆடுகள் தந்த ஆயுள்

இந்த நோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது.

1891-ம் வருடம். இங்கிலாந்தில் நியூகாசில் என்ற நகரம். அங்கே ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர் இருந்தார். அவரிடம் 46 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். முகம் வீங்கியிருந்தது. பேச்சு மெதுவாகிவிட்டது. வீட்டு வேலை செய்ய முடியவில்லை.

டாக்டர் மர்ரே, செம்மறி ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, அந்தப் பெண்மணிக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. பேச்சு திரும்பியது. அவர் தெருவில் நடமாடத் தொடங்கினார். வீட்டு வேலையும் செய்தார்!

அதன்பின் 28 வருடங்கள் அவர் உயிரோடு இருந்தார். 1919-ல், 74-வது வயதில் இறந்தார். அவருக்கு மருந்து கொடுக்க 870-க்கும் அதிகமான ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன.

இன்று ஆடு வேண்டாம். 1914-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு கெண்டால், தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் அதைச் சோதனைச் சாலையிலேயே செய்தார்கள். இப்போது அது ஒரு சின்ன மாத்திரை.

மேஸ்திரியின் குரல்

நோயைக் கண்டுபிடிக்க ஒரு ரத்தச் சோதனை போதும். அதற்கு 'டி.எஸ்.எச்.' சோதனை என்று பெயர்.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. தைராய்டு, வேலையாள். வேலையாள் ஒழுங்காக வேலை செய்தால், மேஸ்திரி மெதுவாகப் பேசுவார். சுணங்கினால் சத்தம் போடுவார். டி.எஸ்.எச். என்பது அந்த மேஸ்திரியின் குரல்.

ஆகவே, அது கூடியிருந்தால் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். சாதாரணமாக 0.4 முதல் 4 வரை இருக்கும். சோதனைச் சாலைக்குச் சோதனைச் சாலை சிறிது மாறலாம். அளவு கூடியிருந்தால், டாக்டர் 'டி-4' என்ற தைராக்ஸின் அளவையும் பார்ப்பார். டி.எஸ்.எச். கொஞ்சமே கூடி, டி-4 சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். அப்படிப்பட்ட எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் சாப்பிடவேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காப்பி, டீ, பலகாரம் கூடாது. மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் முழுப் பலன் கிடைக்காது. இரும்புச்சத்து மாத்திரையோ, கால்சியம் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விடவேண்டும்.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தச் சோதனை. அளவு சரியாகிவிட்டால், வருடத்துக்கு ஒரு முறை போதும்.

"உடம்பு தேறிவிட்டது. இனி மாத்திரை எதற்கு?" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. உடம்பு தேறியதே மாத்திரையால்தான்! பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுவதும் வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மாளின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது அதைவிடத் தவறு. உடம்பு இளைக்கவேண்டும் என்று சாப்பிடுவது ஆபத்து. அளவுக்கு மீறினால் இதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

பிறந்த குழந்தைக்கும் சோதனை

வயிற்றில் வளரும் குழந்தை, முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினை நம்பியே இருக்கிறது. குழந்தையின் மூளை வளர அது வேண்டும். ஆகவே, மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் போகவேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்டவேண்டி வரும். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் குழந்தைக்கு ஆகாது.

சில குழந்தைகள் தைராய்டு குறைவோடே பிறக்கின்றன. பிறந்தவுடன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "அழுகையே இல்லை, நல்ல குழந்தை" என்றுகூடச் சொல்வார்கள். சில மாதம் போய் நோய் தெரியும்போது, மூளை வளர்ச்சி தடைப்பட்டிருக்கும். பிறகு மருந்து கொடுத்தாலும், இழந்ததை முழுவதும் மீட்க முடியாது.

குழந்தையின் குதிகாலில் இரண்டொரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் போதும். பிறந்த இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால், குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும், படிக்கும். கனடா நாட்டில் 1970-களிலேயே இந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டார்கள்.

பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் செய்யவேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முன், "குழந்தைக்குத் தைராய்டு சோதனை செய்தாகிவிட்டதா?" என்று பெற்றோர் கேட்கவேண்டும். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

எல்லாக் களைப்பும் தைராய்டு அல்ல

ரத்தசோகையாலும் களைப்பு வரும். நீரிழிவாலும் வரும். மனக்கவலையாலும் வரும். விடிந்தது முதல் இரவுவரை ஒருத்தியே எல்லா வேலையும் செய்தால், அதனாலும் வரும்! தைராய்டு சரியாக இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தால், "பார்த்தாயா, நீ சோம்பேறிதான்" என்று சொல்லக் கூடாது. வேறு என்ன காரணம் என்று பார்க்கவேண்டும். வீட்டு வேலையில் ஒரு கை கொடுக்கவேண்டும்.

நியூகாசில் பெண்மணி பிழைக்க ஆடுகள் தேவைப்பட்டன. இன்று நம் வீட்டுப் பெண் பிழைக்க, ஒரு ரத்தச் சோதனையும் தினம் ஒரு மாத்திரையும் போதும். அதற்கு முதலில் வீட்டார், ஏசுவதை நிறுத்திவிட்டு, "உனக்கு உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்கவேண்டும்.

இன்றே கேளுங்கள்.